பழைய அம்பாசடரில் எலெக்ட்ரானிக் இக்னிஷன்: வாங்கும் முன்பும் பொருத்தும்போதும்

1489 சிசி பெட்ரோல் எஞ்சினோடு ஓடும் அம்பாசடரை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு, வண்டி ஒருநாள் சிக்னலில் நின்று மறுபடி கிளம்ப மறுத்தால், முதலில் கிடைக்கும் யோசனை ‘பாயிண்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடுங்கள்’ என்பதாகத்தான் இருக்கும். யோசனையில் தவறில்லை. காயிலின் மின்சாரத்தை இணைத்தும் அறுத்தும் தீப்பொறி எழ வைக்கும் இயந்திரச் சுவிட்சான பாயிண்ட் தேய்கிறது, கருகுகிறது, அதன் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது. இந்தத் தொல்லைகளை நீக்கும் தொகுப்புகள் பல பத்தாண்டுகளாகவே விற்பனையில் உள்ளன. ஆயினும் அப்படி மாட்டிய வண்டிகளில் சில முன்பைவிட மோசமாக ஓடுவதையும், ஓராண்டுக்குள் மீண்டும் பாயிண்டுக்கே திரும்புவதையும் பட்டறைகளில் பார்க்க முடிகிறது. எலெக்ட்ரானிக் தொகுப்பு மாற்றித் தருவது ஒரே ஒரு சுவிட்சை மட்டுமே என்பதுதான் இதற்குக் காரணம். அந்தச் சுவிட்சைச் சுற்றியுள்ள காயில், மூடி, ரோட்டார், ஒயர், பிளக் ஆகியவையும், பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் டைமிங்கை, அதாவது பொறி விடும் நேரத்தை, முன்தள்ளும் எடைகளும் ஸ்பிரிங்குகளும், பக்கவாட்டில் தொங்கி எஞ்சினின் வெற்றிடத்தால் அதே வேலையைச் செய்யும் வேக்கம் யூனிட்டும் அப்படியே பழையவையாக இருக்கும். அவற்றில் எது பழுதானாலும் புதிய தொகுப்பால் அதைச் சரிசெய்ய இயலாது. சில சமயம் அந்தப் பழுதை அது மேலும் பெரிதாக்கும்.

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் வந்தது. அம்பாசடரில் இருப்பதும் அடிப்படையில் அதே அமைப்புதான். பட்டறைகளில் பிளாட்டினம் என்று சொல்லப்படும் பாயிண்ட் மூடியிருக்கும்போது 12 வோல்ட் மின்சாரம் காயிலின் முதன்மைச் சுற்றில் பாய்ந்து அதைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. சுற்றின் தடை ஏறக்குறைய 3 ஓம் என்பதால் அந்த மின்னோட்டம் 4 ஆம்பியர் அளவுக்கு உயரக்கூடியது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவே சுழலும் கேம் பாயிண்டைத் திறந்ததும் மின்னோட்டம் அறுபட்டு, காந்தப்புலம் சரிந்து, முதன்மைச் சுற்றில் சில நூறு வோல்ட்டும், பல மடங்கு அதிகச் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் போதுமான பல ஆயிரம் வோல்ட்டும் எழும்புகின்றன. பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் அதன் முனைகளுக்கு இடையே நெருப்பு பாயாமல் தடுப்பது சுமார் 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டன்சரின் வேலை. எழுந்த உயர் மின்னழுத்தத்தை ரோட்டார் 1-3-4-2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது.

இந்தச் சங்கிலியில் எலெக்ட்ரானிக் தொகுப்பு எடுத்துக்கொள்ளும் இடம் பாயிண்டும் கண்டன்சரும் இருக்கும் இடம் மட்டுமே. மூடிய நேரத்தில் காயிலை எர்த்தோடு இணைப்பதும், சரியான கணத்தில் அந்த இணைப்பை அறுப்பதும் அதன் பணி. இயந்திர முனைக்குப் பதில் டிரான்சிஸ்டர் அதைச் செய்கிறது என்பதால் தேய்மானம் இல்லை, கருகல் இல்லை, அறுபடுதல் கூர்மையாக நிகழ்கிறது. ஆனால் எப்போது அறுக்க வேண்டும் என்பதை இன்னமும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட்டும் எடைகளும்தான் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் ‘இழுவை கூடும், மைலேஜ் கூடும்’ என்று பெட்டியின்மேல் அச்சிட்டு விற்பதில் எவ்வளவு உண்மை? இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு தீப்பொறி வேண்டும். அம்பாசடரின் பழைய எஞ்சின் தன் உச்ச ஆற்றலைத் தரும், நிமிடத்துக்கு 4200 சுற்று வேகத்தில் வினாடிக்கு 140 பொறி. அதாவது ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 7 மில்லிவினாடி. இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவன வடிவமான 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் கேமின் ஒவ்வொரு 90 பாகைக்கும் 60 பாகை அளவு பாயிண்ட் மூடியிருக்க வேண்டும் என்பது விதி என்பதால், காயில் நிரம்பக் கிடைக்கும் நேரம் 5 மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவு. காயில் எவ்வளவு விரைவாக நிரம்பும் என்பதைக் குறிக்கும் நேர மாறிலியை, சாதாரண 3 ஓம் காயிலுக்கு 3 மில்லிவினாடி என்று கொண்டால், அந்த நேரத்துக்குள் மின்னோட்டம் முழு அளவில் 80 சதவீதத்தை எட்டிவிடும். நெடுஞ்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும்போது எஞ்சின் அதைவிட மெதுவாகவே சுற்றும். காயில் இன்னும் நன்றாக நிரம்பும். ஆக, சரியாக வைக்கப்பட்ட பாயிண்ட் இந்த எஞ்சினுக்குப் போதுமானது. நல்ல நிலையில் இருக்கும் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் போட்டால் ஆற்றல் கூடும் என்று எதிர்பார்க்க இடமில்லை. தேய்ந்து இடைவெளி கெட்ட பாயிண்டை எடுத்துப் போட்டால் வித்தியாசம் தெரியும். அது இழந்ததைத் திரும்பப் பெறுவதால் தெரியும் வித்தியாசம்.

இதே கணக்கை அமெரிக்காவின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்குப் போட்டால் விடை வேறு. அங்கே அதே வேகத்தில் வினாடிக்கு 280 பொறி. காயில் நிரம்பக் கிடைப்பது இரண்டரை மில்லிவினாடிக்கும் குறைவு. மின்னோட்டம் பாதியைச் சற்றே தாண்டும், சேமிக்கப்படும் ஆற்றலோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதோடு, 1970களில் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, தேய்ந்த பாயிண்டால் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் உற்பத்தியாளர்களுக்கே சட்டச் சிக்கலாயிற்று. கிரைஸ்லர் நிறுவனம் 1973இல் தன் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் எலெக்ட்ரானிக் இக்னிஷனை நிலையாக்கியதும், ஜெனரல் மோட்டார்ஸ் ஓரிரு ஆண்டுகளில் அதே வழிக்கு வந்ததும் இந்தப் பின்னணியில்தான். பழைய கார்களுக்கான மாற்றுத் தொகுப்புகளின் விளம்பர வாசகங்கள் பெரும்பாலும் அந்த எட்டுச் சிலிண்டர் உலகிலிருந்து வந்தவை. அவற்றை அப்படியே நம் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்பதால்தான் ஏமாற்றம் உண்டாகிறது.

உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. கேமின்மேல் உரசும் பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கி, பாயிண்ட் தாமதமாகத் திறந்து, டைமிங் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். வண்டி சூடாகும், இழுவை குறையும், ஓட்டுபவருக்கு அது பழகிப்போவதால் தெரியாது. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடி, மழைக்காலம் முழுவதும் ஷெட்டில் நிற்கும் வண்டியில் பாயிண்ட் முனைகளில் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து, பேட்டரி நன்றாக இருந்தும் முதல் பொறியே வராமல் போகும். கண்டன்சர் நிலைமை இன்னும் மோசம். இப்போது கடைகளில் கிடைக்கும் கண்டன்சர்கள் பலவற்றின் தரம் பழையவற்றுக்கு ஈடாக இல்லை என்பது இங்கிலாந்து முதல் இந்தியா வரை பழைய கார் வைத்திருப்போர் எல்லோரும் சொல்லும் குறை. குளிர்ந்த எஞ்சினில் சரியாக இருந்து, சூடேறியதும் செயலிழக்கும் கண்டன்சர் நடுவழியில் கொடுக்கும் தொல்லை கொஞ்சமல்ல. இந்த மூன்றிலிருந்தும் விடுபடுவதற்காக எலெக்ட்ரானிக் தொகுப்புக்குச் செலவு செய்வது நியாயமான செலவு.

கிடைக்கும் தொகுப்புகள்

பாயிண்டை அப்படியே வைத்துக்கொண்டு, காயிலின் மின்னோட்டத்தை மட்டும் வெளியே உள்ள டிரான்சிஸ்டர் பெட்டியின் வழியாகச் செலுத்துவது மிகப் பழைய முறை. பாயிண்ட் வழியே மிகக் குறைந்த மின்னோட்டமே போவதால் அது கருகாது. ஆனால் குதிகால் தேய்வது நிற்காது. இரண்டாவது, கேமின்மேல் ஒரு காந்த வளையத்தை அணிவித்து, பாயிண்ட் இருந்த இடத்தில் காந்தப்புலத்தை உணரும் ஹால் உணரியைப் பொருத்துவது. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தும் இந்த வகையில் அமெரிக்காவின் பெர்ட்ரானிக்ஸ், இங்கிலாந்தின் அக்குஸ்பார்க், பவர்ஸ்பார்க் ஆகியவற்றின் தொகுப்புகள் பரவலாகத் தெரிந்தவை. முழுத் தொகுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் அடங்கிவிடும். வெளியே தெரிவது இரண்டு ஒயர் மட்டும். மூன்றாவது, அகச்சிவப்பு ஒளியை ஒரு வெட்டுத்தகட்டால் மறைத்தும் திறந்தும் இயங்கும் ஒளி உணரி; இங்கிலாந்தின் லூமெனிஷன் இதற்குப் பெயர் பெற்றது. இதில் மின்னோட்டத்தைக் கையாளும் பெட்டி எஞ்சினிலிருந்து தள்ளி, பானெட்டுக்குள் காற்றுப் படும் இடத்தில் பொருத்தப்படுகிறது. நம் ஊர் வெயிலில், நெரிசலில் மெதுவாக ஊர்ந்தபின் நிறுத்திய வண்டியின் பானெட்டுக்குள் வெப்பம் எவ்வளவு ஏறும் என்பதை நினைத்தால், இந்த அமைப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு.

நான்காவது வகை, டிஸ்ட்ரிபியூட்டரையே முழுதாக மாற்றுவது. நெதர்லாந்தின் 123இக்னிஷன் இதில் முன்னோடி. அதில் எடைகளோ ஸ்பிரிங்குகளோ கிடையாது. எந்த வேகத்தில் டைமிங் எவ்வளவு முன்னேற வேண்டும் என்பதை உள்ளிருக்கும் சிறு கணினியே தீர்மானிக்கிறது. ஒரு சிறு திருகு சுவிட்சைத் திருப்பி 16 வளைகோடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகையும் உண்டு. கணினியையோ கைப்பேசியையோ இணைத்து நாமே வரைந்துகொள்ளும் வகையும் உண்டு. விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு. ஆனாலும், உள்ளே எல்லாமே தேய்ந்துபோன பழைய டிஸ்ட்ரிபியூட்டரை வைத்திருப்பவருக்கு உண்மையான தீர்வு தருவது இந்த வகை ஒன்றுதான் என்பது என் கருத்து.

வாங்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்ப்பது

தொகுப்புக்குப் பணம் கட்டும் முன் மூடியைக் கழற்றி ஒரு மணி நேரம் செலவிடுவது, பிறகு வரும் பல தொல்லைகளைத் தவிர்க்கும். முதலில் ரோட்டாரை விரல்களால் பிடித்து, அது சுழலும் திசையில், அதாவது இந்த எஞ்சினில் மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், மெதுவாகத் திருப்ப வேண்டும். சில பாகை திரும்பி, விட்டவுடன் தானாகத் திரும்பி வந்தால் அடியிலுள்ள எடைகளும் ஸ்பிரிங்குகளும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். இறுகி நின்றாலோ, திரும்பிய இடத்திலேயே தங்கிவிட்டாலோ, துருவும் காய்ந்த கிரீஸும் அவற்றைப் பிடித்திருக்கின்றன. ரோட்டாரை எடுத்துவிட்டு ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ‘டக்’ என்று ஆட்டம் தெரியக் கூடாது. ஆட்டம் இருந்தால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. பாயிண்டைப் போல ஹால் உணரி இந்த ஆட்டத்தால் உடனே பாதிக்கப்படாது என்பது உண்மைதான். ஆனால் ஆட்டம் கூடினால் காந்த வளையம் உணரியில் இடித்து உடையும். நல்ல லேத் பட்டறையில் புதிய வெண்கலப் புஷ் கடைந்து போடுவது பெரிய செலவில்லை.

அடுத்தது வேக்கம் யூனிட். கார்புரேட்டரிலிருந்து வரும் சிறு குழாயைக் கழற்றி, யூனிட்டோடு இணைத்த ரப்பர் குழாய் வழியே வாயால் உறிஞ்சினால், பாயிண்ட் அமர்ந்திருக்கும் தகடான பேஸ் பிளேட் நகர வேண்டும். குழாய் முனையை நாக்கால் அடைத்துப் பிடித்திருக்கும்வரை நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். உடனே திரும்பிவிட்டால் உள்ளே உள்ள ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. லூகாஸ் யூனிட்டின் உலோக உடலில் 5-13-10 போன்ற மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 5 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் நகரத் தொடங்கி, 13 அங்குலத்தில் முழுமையடைந்து, டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் 10 பாகை முன்தள்ளும் என்று அதற்குப் பொருள். மாற்று யூனிட் வாங்குபவர்கள் தோற்றத்தை மட்டும் பார்க்காமல் இந்த எண்களை ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

பேஸ் பிளேட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலையும் இணைக்கும் மெல்லிய எர்த் ஒயர் ஒன்று உள்ளே இருக்கும். துணி உறை போர்த்திய, பின்னிய கம்பி. வேக்கம் யூனிட் பேஸ் பிளேட்டை ஆட்டும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்வதால், பல ஆண்டுகளில் உறைக்குள்ளேயே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, பார்வைக்கு முழுதாகவும் மின்சாரத்துக்குப் பாதியாகவும் இருக்கும். பாயிண்டின் குற்றம் என்று எண்ணி மாற்றப்படும் பல தொகுப்புகளுக்கு உண்மைக் காரணம் இந்த ஒரு விரல் நீள ஒயர். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேஸ் பிளேட்டிலும் மறுமுனையைப் பேட்டரி எர்த்திலும் வைத்து, பிளேட்டை ஆட்டிக்கொண்டே பார்த்தால் எண் அலைபாயக் கூடாது.

மூடியின் உட்புறத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், இரண்டு பித்தளை முனைகளுக்கு இடையே பென்சிலால் இழுத்ததுபோல் கருப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியே ஓடப் பழகிவிட்டது என்று பொருள். அந்த மூடியைச் சுரண்டிப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

எங்கே, எதைப் பார்த்து வாங்குவது

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்த அம்பாசடரில் 1489 சிசி எஞ்சின் இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் அதே வரிசைதான். எம்ஜிபியில் அதன் பெரிய உடன்பிறப்பு இருந்தது. இது வாங்குபவருக்குப் பெரிய வசதி. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டாலும், எம்ஜி கார்களுக்காக இங்கிலாந்தில் இன்றும் உருவாகும் இக்னிஷன் பாகங்கள் பல இந்த எஞ்சினுக்குப் பொருந்தும். இந்தியக் கார்களுக்கு லூகாஸ் வடிவில் டிஸ்ட்ரிபியூட்டர்களைத் தயாரித்தது சென்னை பாடியில் இயங்கும் லூகாஸ்-டிவிஎஸ் என்பதால், உதிரிபாகம் தேடுவோருக்குச் சென்னை இன்னமும் நல்ல ஊர். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும், வடக்கே டெல்லி காஷ்மீரி கேட்டிலும் பழைய இருப்பு அவ்வப்போது கிடைக்கிறது.

ஆனால் ‘அம்பாசடர், 1972 மாடல்’ என்று சொல்லி எலெக்ட்ரானிக் தொகுப்பு வாங்கக் கூடாது. ஐம்பது ஆண்டுகளில் அந்த வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் எத்தனை முறை மாறியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. லூகாஸ் டிஎம்2, அதன் பின் வந்த 25டி4, அதற்கும் பின் வந்த 45டி4 ஆகிய மூன்றும் வெளித்தோற்றத்தில் நெருங்கியவை. உள்ளே பேஸ் பிளேட்டும் பாயிண்ட் அமரும் இடமும் வேறுபடும், தொகுப்பும் வேறுபடும். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தால் வகைப்பெயரும் ஓர் எண்ணும் பொறித்திருப்பது தெரியும். அந்த எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டு வாங்குவதே சரி. வேக்கம் யூனிட்டின் முனையில் பற்கள் கொண்ட சிறு திருகு நட்டும், அதனருகே முன்தள்ளப் பின்தள்ளக் குறிகளும் இருந்தால் அது 25டி4 அல்லது அதற்கு முந்தையது. 45டி4இல் அந்த நட்டு கிடையாது.

பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது என்பதையும் நேரில் பார்த்தாக வேண்டும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பில் நேர்முனையே எர்த். காந்த வகைத் தொகுப்புகள் பெரும்பாலும் எதிர்முனை எர்த்துக்கென்றும் நேர்முனை எர்த்துக்கென்றும் தனித்தனியாக வருகின்றன. மாற்றி இணைத்தால் அந்தக் கணமே உணரி எரிந்துவிடும், எந்த உத்தரவாதமும் அதற்குப் பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் கூரியர் கட்டணத்தையும் சுங்க வரியையும் பொருளின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். பழுதான பொருளைக் கடல் தாண்டித் திருப்பி அனுப்புவது நடைமுறையில் கட்டுப்படியாகாது என்பதால், மலிவான தொகுப்பு ஒன்றே போதும் என்று முடிவு செய்பவர்கள் இரண்டாக வாங்கி ஒன்றை வண்டியில் வைத்திருப்பது நல்லது. பெயரும் பெட்டியும் மட்டும் அசலைப் போலிருக்கும் போலிகள் எல்லாச் சந்தையிலும் உண்டு. இணையத்தில் நம்பமுடியாத விலைக்குக் காணும் பொருளில் முகவரியோ பொருத்தும் குறிப்புத் தாளோ இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

ரோட்டாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகச் சிறிய விலையுள்ள இந்தப் பாகமே எலெக்ட்ரானிக் மாற்றத்துக்குப் பிந்தைய பல பழுதுகளுக்குக் காரணம். பித்தளைத் தகட்டை ஒரு ரிவிட் ஆணியால் பிளாஸ்டிக்கோடு பிணைத்த மலிவு ரோட்டார்களில், அந்த ஆணியின் அடி முனைக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே மிக மெல்லிய பிளாஸ்டிக்கே மிஞ்சியிருக்கும். உயர் மின்னழுத்தம் அதைத் துளைத்துக்கொண்டு ஷாஃப்ட் வழியே எர்த்துக்குப் போய்விடும். காயிலிலிருந்து பொறி வரும், பிளக்கில் வராது. கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதால் உணரியின்மேல் பழி விழும். ரிவிட் இல்லாமல் வார்க்கப்பட்ட, சிவப்பு நிற உடல் கொண்ட ரோட்டார்கள் இங்கிலாந்தில் இந்தக் குறையைப் போக்கவே வந்தன. அவற்றை வாங்க முடியாதவர்கள், பழைய லூகாஸ் இருப்பில் பயன்படுத்தாத ரோட்டார் கிடைத்தால் விடக் கூடாது.

பொருத்துவது

வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். மூடியையும் ரோட்டாரையும் எடுத்தபின், எந்த இடத்தில் எஞ்சின் நின்றிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. பாயிண்டையும் கண்டன்சரையும் பிடித்திருக்கும் சிறு திருகுகள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விழுந்துவிட்டால் முழுவதையும் கழற்ற நேரிடும் என்பதால், காந்த முனை கொண்ட திருப்புளியே ஏற்றது. காலியான பேஸ் பிளேட்டைத் துடைத்து, கேமின் உச்சியில் ரோட்டாருக்கு அடியில் இருக்கும் திருகின்மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அது கசிந்து இறங்கி, ஷாஃப்ட்டின்மேல் கேம் சுழன்று நகரும் இடத்தை அடையும். எலெக்ட்ரானிக் போட்டபின் யாரும் மூடியைத் திறப்பதில்லை, அதனால் இந்த எண்ணெயும் விடப்படுவதில்லை. எடைகள் இறுகிப்போவது அப்படித்தான்.

உணரியின் தகடு பேஸ் பிளேட்டில் ஆட்டமின்றி அமர வேண்டும். காந்த வளையத்தின் உள்வடிவம் கேமின் நான்கு முனைகளுக்குப் பொருந்துமாறு இருக்கும். கையால் மெதுவாகத் திருப்பி, வழி கிடைத்ததும் சமமாக அழுத்தினால் அடிவரை இறங்கும். சுத்தியலால் தட்டினால் உள்ளிருக்கும் காந்தம் உடையும். வளையத்துக்கும் உணரிக்கும் இடையே தொகுப்போடு வரும் பிளாஸ்டிக் தகட்டின் அளவு இடைவெளி வைத்து, ஷாஃப்ட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். பிறகு ரோட்டாரை வைத்து, அது பழைய உயரத்துக்கே இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். வளையம் முழுதாக இறங்காவிட்டால் ரோட்டார் உயர்ந்து நின்று மூடியின் நடுக்கரியை நசுக்கும். ஒயர்கள் உடலிலிருந்து வெளியேறும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், உள்ளே பேஸ் பிளேட் இரு பக்கமும் நகர்வதற்குத் தளர்வு இருக்க வேண்டும். மீண்டும் ஒரு முறை வேக்கம் குழாயை உறிஞ்சி, ஒயர் இழுபடாததைப் பார்த்துக்கொள்ளலாம்.

காயிலின் தடையை, அதன் ஒயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். சாதாரண காந்த வகைத் தொகுப்புகளுக்கு நான்கு சிலிண்டர் எஞ்சினில் 3 ஓம் அளவுள்ள காயில் பொதுவாகப் பொருந்தும். ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கும் காயில்களில் 3 ஓமும் உண்டு, 1.5 ஓமும் உண்டு, 1.5 ஓம் காயில் இரு மடங்கு மின்னோட்டத்தை இழுத்து உணரியைச் சுட்டுவிடும். தொகுப்பின் தாளில் என்ன எண் உள்ளதோ அதுவே முடிவானது. காயிலுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியில் உணரியின் மின்வரத்தை ரெசிஸ்டருக்கு முந்தைய இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இருக்கிறதா என்று அறிய, பாயிண்டைக் கழற்றும் முன்பே, பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனைப் போட்டுக் காயிலின் மின்வரத்து முனையில் அளந்தால் போதும். பேட்டரி அளவுக்கு அருகில் காட்டினால் ரெசிஸ்டர் இல்லை, பாதியளவு காட்டினால் இருக்கிறது. இடைப்பட்ட எண் காட்டினால் இக்னிஷன் சுவிட்சின் முனைகள் தேய்ந்து மின்னழுத்தத்தை விழுங்குகின்றன. பாயிண்ட் அதைப் பொறுத்துக்கொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி ஏற்கெனவே இறங்கியிருக்கையில் உணரி அதைப் பொறுக்காது.

பிளக் ஒயர் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால், தடையுள்ள கரி இழை ஒயராக மாற்ற வேண்டும். செம்பு ஒயர் எழுப்பும் மின்காந்த இரைச்சல் உணரியைக் குழப்பி, தவறான நேரத்தில் பொறி விட வைக்கும். டைனமோ உள்ள வண்டிகளில், எஞ்சினை வேகப்படுத்தி பேட்டரி முனைகளில் அளக்கும்போது 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கட்டுப்பாட்டுப் பெட்டியை முதலில் சரிசெய்துவிட்டே உணரியை இணைக்க வேண்டும்.

பாயிண்ட் திறக்கும் கணமும் உணரி அறுக்கும் கணமும் ஒரே இடத்தில் அமைவதில்லை. ஆகவே பொருத்தியபின் டைமிங் லைட் வைத்துப் புதிதாக டைமிங் வைக்காமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது. வேக்கம் குழாயைக் கழற்றி முனையை அடைத்து, மெதுவான ஓட்டத்தில் கிராங்க் புல்லியின் வெட்டுக்குறியைப் பார்த்து வைத்தபின், வேகத்தைச் சீராக ஏற்றினால் குறியும் சீராக முன்னேற வேண்டும். திடீரென்று தாவினாலோ பாதியில் நின்றாலோ எடைகளைப் பார்க்காமல் வந்துவிட்டோம் என்று பொருள். நுண்ணிய திருத்தத்தை 25டி4இல் அந்தப் பற்கள் கொண்ட நட்டைக் கையால் திருப்பியே செய்யலாம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியோ கேட்கவோ மின்விசிறிக்காகவோ சாவியை இக்னிஷன் நிலையில் விட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். மலிவான உணரிகளில் பலவற்றுக்குத் தானாகத் துண்டிக்கும் வசதி இல்லை. எஞ்சின் நின்ற இடத்தைப் பொறுத்து காயிலில் 4 ஆம்பியர் இடைவிடாது பாய்ந்து, சில நிமிடங்களில் காயிலும் உணரியும் தொடமுடியாத சூட்டுக்குப் போய்விடும். உடலில் வெல்டிங் வேலை நடக்கும்போது பேட்டரியைக் கழற்றி வைப்பதும் இனி கட்டாயம்.

உணரி பழுதாகும்போது பாயிண்டைப் போல முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் அப்படியே அணைந்துவிடும். ஆகவே நல்ல நிலையில் உள்ள பாயிண்ட், சோதித்த கண்டன்சர், அவற்றின் திருகுகள், 0.40 மி.மீ. அளவுள்ள ஃபீலர் கேஜ் ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு கிளவ் பாக்ஸில் வைக்க வேண்டும். இன்னொரு வேலையையும் வீட்டிலேயே முடித்துவிடலாம். பாயிண்டோடு டைமிங் சரியாக இருக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் அது அமரும் பிடிப்புத் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. உணரியைப் பொருத்தி டைமிங் வைத்தபின் அதேபோல மஞ்சளில் ஒரு கோடு. நடுவழியில் பாயிண்டுக்குத் திரும்ப நேர்ந்தால், பிடிப்பைத் தளர்த்தி வெள்ளைக் கோடுகளை நேராக்கினாலே வண்டி ஓடும் அளவுக்கு டைமிங் கிடைத்துவிடும்.